தட்டாமல் கொண்டுவந்த கட்டை

எங்கள் வீட்டில் விறகை உள்ளே கொண்டுவந்து போடுவது என் வேலை. பெருக்குவது அக்காவின் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் செய்த தப்பை முப்பது வருடத்துக்கு மேலாக யாரிடமும் சொன்னதில்லை.

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அடுப்பெரிக்கச் சீமைக் கருவேலம், பற்றவைக்கப் பனைமட்டை. சித்திரை வைகாசியிலேயே அப்பா கட்டையைப் பிளந்து கொல்லையில் அடுக்கிவிடுவார். நாலு கல் வைத்து, மேலே இரண்டு பனந்துண்டைக் கிடத்தி, அதன்மேல்தான் அடுக்கு. கட்டை மண்ணைத் தொடவே கூடாது. ஐப்பசி பிறந்ததும் மேலே மட்டும் கிடுகைப் போடுவார். பக்கவாட்டில் மூட விடமாட்டார். காற்று ஊடே போய் வரவேண்டும் என்பார்.

காய்ந்த கட்டையின் வெட்டுவாயில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டை மோதினால் கணீரென்று கேட்கும். ஈரக்கட்டை ஊமைச் சத்தம் போடும். காயக் காயப் பட்டையும் தானே இளகிக் கொல்லையிலேயே உதிர்ந்துவிடும். ஈரம் போகாத பட்டை கட்டையோடு ஒட்டிக்கொண்டு, எறும்பையும் கரையானையும் கூட்டிக்கொண்டு அடுப்படிவரை வரும். வீடு குப்பையாவதும் ஆகாததும் பாதி கொல்லையிலேயே முடிவாகிவிடுகிற விஷயம். மீதி, தூக்கி வருகிறவன் கையில்.

அந்த மீதியை அப்பா எனக்கு வாய் ஓயாமல் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு கட்டையையும் துவைகல்லில் இரண்டு தட்டுத் தட்டு. இளகிய பட்டையை அரிவாள் முதுகால் தள்ளிவிடு. சாக்கில் வைத்துத் தூக்கி வா, இழுத்து வராதே. இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் எடு. உள்ளே செங்கல்மேல் வை, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி.

இதில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. ஐந்து நாள் விறகை ஒரே மூச்சில் அள்ளிவந்து சுவரோரம் கொட்டிவிட்டு விளையாடப் போய்விடுவேன். கொல்லைவாசலிலிருந்து அடுப்புவரை பட்டைத்தூளும் முள்ளும் ஈரமண்ணும் தடம் போட்டுக் கிடக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா சாணி போட்டு மெழுகும் தரை அது. மெழுகிய தரையில் முள் குத்திக்கொண்டால் விளக்குமாற்றுக்கு வராது; குத்தவைத்து விரலால்தான் பிடுங்க வேண்டும். அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி இடது உள்ளங்கையில் சேர்ப்பாள். அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன். “தம்பி, கட்டையத் தட்டிட்டுக் கொண்டாடா” என்பாள். “சரிக்கா” என்பேன்.

1991 கார்த்திகை. எனக்குப் பதினாலு வயது. விடாத மழை, கரண்ட் இல்லை. இரவுச் சோற்றுக்கு உலை வைத்த அக்கா, கட்டை எடுக்கக் குவியலுக்குள் கையை விட்டாள். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா சிம்னி விளக்கைக் கொண்டுவந்து பார்த்தார். பாதி கழன்ற பட்டைக்கு அடியில் செந்தேள். விரல் நீளம்கூட இல்லை.

பார்க்கப் பயமுறுத்தும் பெரிய கருந்தேளைவிட இந்தச் சின்னச் செந்தேள்தான் ஆளைக் கொல்லும். கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தாள், கைகால் சில்லிட்டது. மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விடியும்வரை டாக்டர் அவள் நாடியைப் பார்த்துப் பார்த்துப் போனார்.

மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற மருத்துவர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையைச் செந்தேள் கொட்டியவர்களுக்குக் கொடுத்துப் பிழைக்க வைத்த கதையை 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது படித்தேன். அந்த விஷம் இதயத்தை என்ன பாடு படுத்தும் என்பதும் அதில் இருந்தது. அக்கா எவ்வளவு அருகில் போய்த் திரும்பியிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது தேளைப் பற்றி அல்ல. மறுநாள் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அம்மா அவளைத்தான் ஏசினாள். “விளக்கப் பிடிச்சுப் பாத்து எடுக்கக் கூடாதாடி?” வந்து பார்த்த அத்தை, பெரியம்மா எல்லாரும் அதையே சொன்னார்கள். அப்பா மட்டும் என் பக்கம் திரும்பி, “கட்டையத் தட்டித்தானே கொண்டாந்தே?” என்று கேட்டார்.

“ஆமாப்பா, தட்டினேன்.”

பாயில் படுத்திருந்த அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தேள் கொட்டிய அன்று காலையில்தான் அந்தக் குவியலைச் சுற்றிக் கிடந்த பட்டையை ஒரு கூடை அள்ளிக் கொட்டியிருந்தாள். நான் தட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கவனமில்லாத பெண் என்ற பேர், கல்யாணமாகிப் போகும்வரை அவள் மேலேயே இருந்தது. நான் நினைத்திருந்தால் ஒரு வாக்கியத்தில் அதைத் துடைத்திருக்கலாம்.

இப்போது பரமக்குடியில் இருக்கிறாள். சமையல் கேஸில்தான், குளிக்க வெந்நீருக்கு மட்டும் விறகு. பொங்கலுக்குப் போனபோது கொல்லையிலிருந்து நான் எடுத்துவந்தேன். ஒவ்வொரு கட்டையாகத் தட்டினேன், பட்டையைத் தள்ளினேன். படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், “போதும்டா தம்பி, இருட்டுது, உள்ள வா” என்றாள். சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை அக்கா விடாமல் வாசிப்பவள். இதழ் அவள் கைக்குப் போகும் முன்னால் நேரில் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன்.