அந்த 22 நிமிடம்

அம்மாவின் கைகளுக்கு நான் நேரம் பார்த்தேன். தொழில் தொடங்கிய முதல் மாதம் அது. பிள்ளை பெற்ற வீட்டில், அறை மூலையில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, எக்ஸெலில் ஒவ்வொன்றாகக் குறித்தேன். எண்ணெய் சூடாக்க 6 நிமிடம். கால்கள் 20. முதுகு 25. குளிக்க வைக்க, சாம்பிராணி போட, வயிற்றுக்குத் துணி கட்ட என்று வரிசையாக. மொத்தம் 112 நிமிடம் வந்தது. அதில் 22 நிமிடத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. அம்மா சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ராத்திரி தூங்கினியா, பால் கட்டுதா, எங்க வலிக்குதுன்னு காட்டு. பேசிக்கொண்டே அந்தப் பெண்ணின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் உற்பத்திப் பொறியியல் படித்தவள் நான். அதன்பின் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம். வாடிக்கையாளர் காசு கொடுக்காத எந்த வேலையும் விரயம், ஜப்பான்காரன் அதற்கு 'முடா' என்று பெயர் வைத்திருக்கிறான் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த 22 நிமிடத்துக்கு நேராகச் சிவப்பு நிறம் அடித்து 'முடா' என்று எழுதினேன். 112இல் 22 போனால் 90. எங்கள் பேக்கேஜ் பிறந்தது அப்படித்தான்: ஒரு நாளைக்கு 90 நிமிடம், ஏழு நாள், 900 வெள்ளி.

அம்மா இந்த வேலையைக் கெடாவில் தோட்டத்து லயத்தில் பாட்டியிடம் கற்றுக்கொண்டார். சுங்கைப் பட்டாணிக்கு வீடு மாறி வந்த பிறகும் யாராவது தேடி வந்து கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு 40 வெள்ளி, முப்பதாம் நாள் ஒரு சேலை. ஒப்பந்தம் முடிந்து எனக்கு வேலை போன சமயத்தில், இதையே ஒழுங்காகச் செய்தால் என்ன என்று தோன்றியது. வணிகப் பெயரை எஸ்எஸ்எம்மில் பதிய வருடத்துக்கு 60 வெள்ளிதான். மைவி இருந்தது. போஸ்டர் நானே செய்தேன். 'உடல் வலி தீரும், ரத்த ஓட்டம் சீராகும், ரத்தக்கட்டு கரையும்' என்று எழுதினேன். இதையெல்லாம் எங்கே படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மற்ற போஸ்டர்களில் இருந்தது, நானும் போட்டேன்.

நான்காவது மாதம் 9 பேக்கேஜ். சில நாள் நான்கு வீடு. ராத்திரி அம்மா மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "குளிருக்கு" என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சையில் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். எங்களுக்கு மூன்றாவது வருகை. அடுத்த வீட்டுக்கு பதினொன்றரைக்குப் போக வேண்டும். எண்ணெய் சூடாகிவிட்டது. அம்மா வழக்கம்போல எக்ஸெலில் இல்லாத வேலையை ஆரம்பித்தார்.

"கால் எப்படிமா இருக்கு?"

"இடது கெண்டைக்கால் நேத்து ராத்திரியிலேருந்து இழுக்குது ஆன்ட்டி. அதைக் கொஞ்சம் நல்லா அமுக்கி விடுங்க."

அம்மா இரண்டு கால்களையும் சேர்த்து வைக்கச் சொல்லி, புறங்கையால் மாறி மாறித் தொட்டார். இடது கால் லேசாகத் தடித்திருந்தது. சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"இன்னைக்குக் கை வைக்க மாட்டேன். இந்தக் கால் மட்டும் சூடா இருக்கு. இப்பவே ஹாஸ்பிட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மாமியார் கதவோரம் நின்றிருந்தார். "என்னக்கா, கால் வலிக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்? ஏழு நாளுக்கும் காசு கட்டியாச்சு."

அப்போது நான் செய்ததைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத வேண்டுமா என்று யோசித்தேன். மணி பத்தரை. அம்மாவின் காதருகே குனிந்து, "காலை விட்டுட்டு முதுகுக்கு மட்டும் செஞ்சிரலாமேமா" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பையை மடித்து எழுந்துவிட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் கணவர் கூப்பிட்டார். ஸ்கேன் எடுத்திருந்தார்கள். காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தது. ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். "மசாஜ் செஞ்சீங்களான்னு டாக்டர் கேட்டார். இல்லைன்னதும் நல்ல வேளைன்னார்." பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள் இப்படி ரத்தம் கட்டும் ஆபத்து அதிகம், அறுவை சிகிச்சை என்றால் இன்னும் கூடுதல். கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலை அழுத்தித் தேய்க்கக் கூடாது. என் போஸ்டரிலோ 'ரத்தக்கட்டு கரையும்' என்று இருந்தது. அன்று ராத்திரி அதை அழித்தேன்.

மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தேன். அந்த வீட்டிலிருந்து அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

"எப்படிமா தெரிஞ்சது?" என்று அம்மாவிடம் கேட்டேன். தோட்டத்தில் ஒரு அக்காவுக்கு அப்படித்தான் ஒற்றைக் கால் வீங்கியதாம். வலிக்கிறது என்று அழுததால் பாட்டி இரண்டு நாள் நன்றாகத் தேய்த்துவிட்டாராம். மூன்றாம் நாள் காலையில் மூச்சு வாங்கி இறந்துபோனார். தோட்டத்து டிரசர்தான் பிறகு பாட்டியிடம், ஒற்றைக் கால் வீங்கினால் தேய்க்காதே, என்னிடம் அனுப்பு என்று சொன்னாராம். அதற்கப்புறம் பாட்டி எந்தப் பெண்ணையும் பேசிப் பார்க்காமல் தொட்டதில்லை. அம்மாவுக்கு அப்போது 15 வயது.

நான் சிவப்பு அடித்த 22 நிமிடம் அங்கிருந்து வந்திருக்கிறது.

கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007லேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு திறந்துவிட்டார்கள், அரசாங்கமே ஒப்புக்கொண்ட தொழில் இது என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லி வந்தேன். அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் பார்த்து அனுப்பிய பிறகுதான் மசாஜுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே மருத்துவர் செய்வதில் ஒரு சிறு பங்கை எங்கள் தொழிலில் அம்மா தனியாகச் செய்துகொண்டிருந்தார், அதுவும் நான் ஒதுக்காத நேரத்தில்.

இப்போது ஒரு நாளைக்கு இரண்டு வீடுதான். முதல் அரை மணி நேரம் எண்ணெய்ப் புட்டியைத் திறப்பதில்லை. காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைவது, ஒற்றைக் கால் வீக்கம், மூச்சுத் திணறல், கண் மங்கலோடு தலைவலி என்று ஒரு தாள் வைத்திருக்கிறோம். ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு வந்துவிடுவோம், அன்றைய காசு வாங்குவதில்லை. மாதத்துக்கு ஐந்து பேக்கேஜ் வந்தால் பெரிது. அது போதவில்லை. நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். வார நாட்களில் அம்மாவைச் சித்தி காரில் கொண்டுபோய் விடுகிறார். மணிக்கட்டுக்கு மருத்துவர் ஒரு பட்டை கொடுத்திருக்கிறார். குளிருக்கு இல்லை என்று இப்போது அம்மாவே ஒப்புக்கொள்கிறார்.

எக்ஸெலில் ஒரு புதிய பத்தி சேர்த்தேன், 'செய்யாமல் வந்தது' என்று. இந்த மாதம் அதில் இரண்டு. போன வாரம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அது என்ன பாப்பா, ரெண்டு?"

சொன்னேன்.

"அதுக்கும் எனக்குச் சம்பளம் உண்டா?"

கிண்டலாகத்தான் கேட்டார். அன்றிலிருந்து போட்டுக் கொடுக்கிறேன்.