கோராவின் கடிதம்

‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’ என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரின் இறுதிக் காட்சியில், நாயகி கோராவும் அவள் தோழி ஆசாமியும் கைகளைப் பற்றிக்கொண்டு ஒளி வெள்ளத்தினிடையே ஒருவரையொருவர் நோக்கி நின்றபோது, 2014 டிசம்பரில் மூண்ட விவாதம் ரசிகர்களிடையே இன்னும் முழுமையாக ஓய்ந்தபாடில்லை. முதல் பாகத்தில் கோரா நேசித்த மாக்கோ என்னும் இளைஞனோடுதான் அவள் சேர்ந்திருக்க வேண்டும் என்போரின் மனவருத்தத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால், ‘இந்தப் பெண்களின் காதலுக்கு முன்குறிப்பே இல்லை’ என்று அவர்கள் ஆட்சேபிக்கும்போதுதான் என்னால் மௌனமாக இருக்க முடிவதில்லை.

விஷத்தால் நலிந்து சக்கர நாற்காலியில் சோர்ந்திருக்கும் கோராவுக்குத் தலைவாரி அலங்கரித்து, பிறகு அவள் முன் மண்டியிட்டுக் கரம் பற்றி, ‘நான் இருக்கிறேன்’ என்ற பாவனையில் ஆசாமி பேசுகிறாளே, அதற்கு என்ன பெயர்? நெடிய பிரிவில் மாக்கோவுக்கு எழுத மனம் வராத கோரா, தன் வேதனையை ஆசாமி ஒருத்திக்கு மட்டும் கடிதமாக எழுதி, அதை மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறாள். ஆசாமியின் ஸ்தானத்தில் ஓர் ஆண்மகன் இருந்திருந்தால், இந்தக் கடிதம் ஒன்றே போதுமென்று அனைவரும் அன்றே நிச்சயித்திருப்பார்கள். பெண்ணாயிருப்பதால் அது வெறும் சிநேகமாகிவிடுகிறது. இந்தப் பாரபட்சம் என்னை உண்மையாகவே வருத்துகிறது.

தொடர் முடிந்த சில தினங்களிலேயே அதன் படைப்பாளிகள் இருவரும் இது காதல்தான் என்று பகிரங்கமாக எழுதினார்கள். தொலைக்காட்சியில் காட்ட இயலாத முத்தம், கதையின் தொடர்ச்சியாக 2017-இல் வெளிவந்த காமிக்ஸ் புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களிலேயே இடம்பெற்றது. நேற்றிரவு அந்தக் கடிதக் காட்சியை மறுபடி பார்த்தேன்.