இருக்கிற வரைக்கும்

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்திலிருந்து வடக்கே திரேஸ்புரத்துக்கு நடந்தேன். இரண்டு கிலோமீட்டருக்குள்தான். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோன இந்தக் கடலில் சங்குகுளி இன்னும் நடக்கிறது.

பையில் லேப்டாப், அதில் எழில். தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009-ல் கட்டுரையாக வெளியிட்ட மொழி அது. முந்தின இரவு இந்த மூன்று வரியை ஓட்டியிருந்தேன்:

@( எண் = 1, எண் <= 5, எண் = எண் + 1 ) ஆக
பதிப்பி எண்
முடி

ஒன்று முதல் ஐந்து வரை அச்சானது. அது சரி. இன்னொரு மடக்கான (லூப்) 'வரை'தான் உறுத்தியது. "ஐந்து வரை" என்றால் ஐந்து வந்ததும் நிற்கணும். எழிலில் '@( எண் > 0 ) வரை' என்று எழுதினால், நிபந்தனை உண்மையாக இருக்கும்போதெல்லாம் அல்லவா சுற்றுகிறது? சொல்லைத் தப்பாக எடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டித் தூங்கினேன்.

திரேஸ்புரத்தில் சங்குக் கிட்டங்கிக்குள் நுழைந்ததும் கவிச்சை மூக்கைத் துளைத்தது. பெரியவர் ஒருவர் கூடையைக் கணக்குப் பார்த்தார். "லாபம்... ரெண்டு... மூணு..." ஒன்று என்று அவர் வாயில் வராது. பைத்தான் நிரல்மொழியில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சைத் தொடக்கம் சொல்லாமல் விட்டால் சுழியத்தில் தொடங்கும் என்றேன். "சுழியத்துல சங்கு ஏது?" என்றார். அதற்குள் எண் தவறிவிட்டது. மறுபடி லாபம். என்மேல் ஒரு முறைப்பு.

பக்கத்திலிருந்த தம்பி எண்ணவேயில்லை. சாக்கில் கைவிட்டு ஒன்றை எடுப்பார், பலகையிலிருந்த வட்ட ஓட்டையில் விட்டுப் பார்ப்பார். 64 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாதென்பது விதி. ஓட்டையில் நழுவியது தனியே, மாட்டியது கூடைக்கு. சிறிசு வந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் அடுத்ததற்குப் போகிறாரே, அதற்கு எழிலில் 'தொடர்' என்று பெயர்.

"இது எத்தனாவது தம்பி?"

"அது எதுக்கு அண்ணாச்சி? சாக்குல இருக்க வரைக்கும் எடுப்பேன்."

இருக்க வரைக்கும்! எழிலின் 'வரை' இதுதான். முந்தின இரவு நான்தான் ஐந்தைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன்.

அவர் கை செய்ததைப் பைத்தானில் ஐட்டரேட்டர் செய்கிறது. எத்தனை பாக்கி, இது எத்தனையாவது என்ற கவலை கிடையாது. நெக்ஸ்ட் என்று கேட்டால் அடுத்ததைத் தரும். தீர்ந்துவிட்டால் ஸ்டாப் ஐட்டரேஷன் என்று கைவிரிக்கும், அதைப் பார்த்து ஃபார் மடக்கு நின்றுகொள்ளும். படம் எடுக்க இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னேன். சாக்கைத் தலைகீழாக உதறினார். மணல்தான் கொட்டியது. ஐட்டரேட்டரையும் ஒருதரம் ஓட்டித் தீர்த்துவிட்டால் அவ்வளவுதான், புதிதாக ஒன்றை எடுத்துத்தான் தொடங்கணும்.

பெரியவர் தம்பியின் கூடையை எண்ணி 120 என்று எழுதினார். நானும் எண்ணினேன்: 119. இன்னொரு தரம்: 119. சொன்னேன். ஆடாமலிருக்கப் பலகைக்கு முட்டுக் கொடுத்திருந்த சங்கை உருவி என் கையில் வைத்தார்.