மலையேறும் மூன்று சக்கரங்கள்

மனிதருக்கு வயது ஏறினால் மதிப்பு ஏறும் என்பர். இயந்திரத்துக்கு வயது ஏறினாலோ, அதை நிறுத்துப் பார்த்து விலை பேசும் காலம் வந்துவிடுகிறது. பழைய இரும்பு வாங்குவோர் மலைநாட்டுத் தோட்டங்களிலே மாதத்திற்கு ஒருமுறையேனும் வலம் வருகின்றனர். ஓடாத தண்ணீர்ப் பம்பியும், உடைந்த தையற்பொறியும், துருப்பிடித்த துவிச்சக்கரவண்டியும் அவர்களுடைய தராசில் ஏறி மலையிறங்கிப் போகின்றன. எமது வீட்டு முச்சக்கர வண்டியும் அந்தத் தராசின் அருகே ஒருநாள் போய் நின்றது. அது எவ்வாறு மீண்டது, மீட்டெடுத்தபோது நாம் கற்றவை யாவை என்பனவற்றை வாசகர்களுடன், விசேடமாக இயந்திரங்களில் நாட்டமுள்ள மாணவர்களுடன், பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

டிக்கோயாவுக்கு அப்பால், தார்ச்சாலையை விட்டு மூன்று மைல் மேலே ஏறிச் செல்லும் ஒரு தோட்டப் பிரிவிலே எமது குடியிருப்பு. கொழுந்து ஏற்றும் லொறிக்காகக் கல் பரப்பிய பாதை அது. மழைக்காலத்தில் கல் பாதியும் சேறு பாதியுமாகக் கிடக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற எம் தந்தையார், ஊழியர் சேமலாப நிதியாகக் கிடைத்த பணத்தைக் கொண்டு 1994ஆம் ஆண்டில் இந்த வண்டியை வாங்கினார். அது 1989ஆம் ஆண்டில் பதிவான பஜாஜ் வண்டி. அவர் மறைந்தபின் கொட்டகையிலே நின்றது. நின்ற வண்டியில் கோழிகள் குடியேறின.

இந்த வண்டியின் குலமரபு சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், சிறுவணிகருக்கு மலிவான வாகனம் வேண்டுமென்று இத்தாலியிலே பியாஜியோ நிறுவனத்தார் 1948இல் ஒரு மூன்று சக்கர வண்டியை வெளியிட்டனர். அதனை ஆக்கியவர் கொராதினோ தஸ்கானியோ என்னும் பொறியியலாளர். அவர் ஆக்கிய ஸ்கூட்டருக்கு ‘வெஸ்பா’ என்று பெயர். இத்தாலிய மொழியில் அது குளவி. மூன்று சக்கர வண்டிக்கோ ‘ஆப்பே’, அஃதாவது தேனீ, என்று பெயரிட்டனர். அந்தத் தேனீயின் வழிவந்ததே, பின்னர் இந்தியாவில் பஜாஜ் நிறுவனத்தார் செய்த வண்டி. எமது வண்டியின் உருளை 57 மில்லிமீற்றர் விட்டமும் 57 மில்லிமீற்றர் வீச்சும் உடையது. கொள்ளளவு ஏறக்குறைய 145 கனசென்ரிமீற்றர். ஒரு தேநீர்க் குவளை அளவேயான அந்த இடத்துக்குள் வெடிக்கும் தீப்பொறிதான் நான்கு பேரை மலையேற்றுகிறது.

நின்ற வண்டியை நினைக்கவைத்தது நாட்டின் நிலைமை. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடிப் பழகிய வண்டிகளின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. 2021 இறுதியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், 2022 ஜூனில் 470 ரூபாவாயிற்று. வாடகை வண்டிகள் எமது மலைக்கு ஏற மறுத்தன. அவர்களைக் குறைசொல்வதும் நியாயமன்று. அந்த நாட்களில் ஓர் இரவு, நோயுற்ற ஒரு முதியவரைக் கம்பளியில் கிடத்தி நால்வர் தூக்கிக்கொண்டு மலையிறங்க நேர்ந்தது. 2017இல் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு திறக்கப்பட்ட புதிய கட்டடம் டிக்கோயா வைத்தியசாலையில் இருக்கிறது. ஆயினும், அதுவரை போய்ச் சேரும் மூன்று மைல் எமக்கு இல்லாமற் போயிற்று.

மறுவாரம் இரும்பு வாங்குபவர் வந்து நல்ல விலையே சொன்னார். வீட்டிலே பணத்தட்டுப்பாடு; விற்றுவிடலாம் என்ற எண்ணம் எம்மிற் சிலருக்கு இருந்தது. அம்மா மட்டும் அசையவில்லை. “இந்த வண்டி நின்ற நாளிலிருந்துதான் ஆளைத் தோளில் தூக்குற வழக்கம் திரும்பி வந்திருக்கு. அதை இரும்பு விலைக்குக் குடுக்கவா உங்க அப்பா வாங்கினார்?” என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிட்டார்.

ஹட்டனில் இத்தகைய வண்டிகளோடே வாழ்நாளைக் கழித்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் அதனைக் கொண்டுசேர்த்தோம். இயந்திரம் இறுகியிருந்தது, ஆயினும் உடையவில்லை. சைலன்சரைக் கழற்றியபோது, எரிந்த எண்ணெய்க் கரி அதன் தொண்டையை அடைத்திருந்தது. இருவீச்சு இயந்திரத்துக்குக் கரி பெரும் பகை. புகை வெளியேற இடமில்லையேல் புதிய கலவை உள்ளே வர இடமில்லை. அதனினும் நுட்பமான குறை, சுழல்தண்டின் இருபுறமும் உள்ள ரப்பர் ஓயில் சீல்கள். ஒருபுறத்துச் சீல் தேய்ந்தால் கியர்ப்பெட்டியின் எண்ணெய் உள்ளே இழுபட்டு வெண்புகை கிளம்பும். மறுபுறம் தேய்ந்தாலோ வெளிக்காற்றுப் புகுந்து கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். “தம்பி, விலை கூடின சாமானைப் பார்த்துப் பயப்படாதீங்க, விலை குறைஞ்ச சாமானைப் பார்த்துப் பயப்படுங்க” என்றார் அந்தப் பெரியவர். இரண்டு சீல்களையும், பிஸ்டன் வளையங்களையும், கிளச்சுத் தட்டுகளையும் மாற்றினோம். துருப்பிடித்த அடித்தளத்தை வெட்டி, அதே கனமுள்ள புதுத்தகட்டை ஒட்டவைத்தோம்.

இனி மலைக்கே உரிய ஒரு சங்கதி. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், காற்றின் அடர்த்தி கரையோரத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான். பெற்றோலின் அளவு குறையாமல் காற்று மட்டும் குறைந்தால் கலவை தடித்துவிடும். கரும்புகையும் வீண் செலவும் மிகும். ஆகவே காபரேட்டரின் பிரதான ஜெட்டை ஓரளவு சிறியதாக மாற்றினோம். ஆனால் அந்தச் சிறிய ஜெட்டுடன் தாழ்ந்த சமவெளிக்கு இறங்கி வேகமாக ஓட்டினால், அங்குள்ள அடர்ந்த காற்றிலே கலவை மெலிந்து இயந்திரம் கெடும். எனவே பழைய ஜெட்டை ஒரு சிறு டப்பாவில் இட்டு வண்டியிலேயே வைத்திருக்கிறோம்.

இறக்கத்துக்கும் ஒரு பாடம் உண்டு. இருவீச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் பெற்றோலோடுதான் போய்ச் சேருகிறது. நீண்ட இறக்கத்தில் கைப்பிடியை முற்றாக மூடிக்கொண்டு கியரின் பலத்திலே இறங்கினால், இயந்திரம் விரைவாகச் சுழலும், எண்ணெயோ கிடைப்பதில்லை. இடையிடையே கைப்பிடியைச் சற்றே திறந்து அதற்குத் தாகம் தீர்க்கவேண்டும்.

பழுது தீர்ந்தபின் எழுந்தது ‘மாற்றம்’ பற்றிய விவாதம். தம்பிமார், பெரிய சக்கரங்களைப் பூட்டி வண்டியை அரையடி உயர்த்தினால் கல்லும் குழியும் தட்டாது என்றனர். 1970இல் ஹொண்டா நிறுவனத்தார் வெளியிட்ட யூ.எஸ். 90 என்னும், ஊதிய பலூன்போன்ற ரயர்களையுடைய மூன்று சக்கர வண்டியின் படத்தையும் காட்டினர். மணலிலும் பனியிலும் ஓடிய அந்த வண்டி அமெரிக்காவில் பெரும் மோகத்தை உண்டாக்கியது மெய். அதன் வழிவந்த வண்டிகள் கவிழ்ந்து பலர், அவர்களுட் சிறுவர் அநேகர், உயிரிழந்ததும் மெய். முடிவில் 1988ஆம் ஆண்டில் உற்பத்தியாளர்கள் அரசாங்கத்தோடு நீதிமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அங்கே புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது.

காரணத்தை ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்தால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். நான்கு சக்கர வண்டி நிற்பது செவ்வகத்தின் மேல். எமது வண்டி நிற்பது முக்கோணத்தின் மேல். முன்னே ஒரு புள்ளி, பின்னே இரண்டு. வண்டியின் பாரம் அந்த முக்கோணத்துக்குள் விழுமளவும் அது நிற்கும். திரும்பும்போது பாரம் வெளிப்புறம் சாய்கிறது. திருப்பத்திலேயே பிரேக்கையும் மிதித்தால் பாரம் முன்னேயும் சாய்கிறது. முன்னே முக்கோணம் ஒடுங்குகிறது. பாரம் உயரத்தில் இருக்க இருக்க அந்தச் சாய்வு பெருகும். எனவே உயர்த்துவது ஏற்றத்துக்கு உதவுவதுபோலத் தோன்றினாலும் திருப்பத்திலே ஆளைக் கவிழ்த்துவிடும். எமது பாதையில் கொண்டையூசி வளைவுகள் ஏழு. தம்பிமார் படத்தை மடித்து வைத்துவிட்டனர்.

ஆகவே உயர்த்தாமலே செய்யக்கூடியவற்றைச் செய்தோம். இயந்திரத்தின் கீழே கல் படாதிருக்க ஓர் இரும்புத்தகட்டை மாட்டினோம். ரயரின் அளவை மாற்றாது, ஆழ்ந்த வெட்டுள்ளதை வாங்கினோம். கூரையின் மேலே கட்டியிருந்த உபரிச் சக்கரத்தையும் ஆயுதப்பெட்டியையும் பின்னாசனத்தின் கீழே, பின்னச்சுக்குச் சற்று முன்பாக, இறக்கி வைத்தோம். பாரம் தாழ்ந்தது, முக்கோணத்தின் அகன்ற பக்கத்துக்கும் வந்தது. அச்சுக்குப் பின்னால் வைத்திருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் மண்ணை விட்டுக் கிளம்பியிருக்கும். பனிமூட்டத்துக்காகத் தாழ்வான இடத்தில் ஒரு மஞ்சள் விளக்கும், நோயாளி பற்றிக்கொள்ளக் கைப்பிடியும், மழைக்குத் தடித்த திரையும் சேர்த்தோம். சட்டகத்தின் வடிவிலே கைவைக்கவில்லை.

இருவீச்சு வண்டிகளின் இறக்குமதி, அவற்றின் புகையை முன்னிட்டு 2008இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை நியாயமானதே. நகரத்தில் நாள் முழுதும் ஓடவேண்டிய வண்டியாயின், நாமும் இதனைப் புதுப்பித்திருக்கமாட்டோம். பெற்றோல் இயந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டார் பொருத்தும் முயற்சிகளும் நாட்டில் நடந்துள்ளன; எமது ஏற்றத்தைத் தாங்கும் மின்கலம் எமது கைக்கெட்டும் விலைக்கு வரும் நாளில் அதனை மகிழ்ந்து வரவேற்போம். அதுவரை கரி நீக்கி, எண்ணெயை அளந்து ஊற்றி, ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்கு ஒழுங்காகக் கொண்டுசென்று, தேவைக்கு மட்டும் ஓட்டுகிறோம். 2022இல் எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் கிடைத்தது. அதில் பாதியை இரவு அவசரத்துக்கென்று ஒதுக்கிவைக்க அம்மா விதித்த விதி, பங்கீடு நீங்கிய பின்பும் எம் வீட்டில் நீங்கவில்லை.

செலவுக் கணக்கைப் பலர் கேட்கின்றனர். இரும்பு வாங்குபவர் தருவதாகச் சொன்னதைப்போல் பன்மடங்கு செலவாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. தவணையாகக் கட்டி முடித்தோம். எனினும் வண்டி திரும்பி வந்த நாள்முதல் எமது பிரிவில் யாரையும் கம்பளியில் தூக்கிச் செல்லவில்லை. மூன்று பிரசவப் பயணங்களும் வேளைக்கே வைத்தியசாலையை அடைந்தன.

பெரியவர் ஒருவரிடம் கற்றது அவரோடு போய்விடக்கூடாது என்பதற்காக, ஓட்டுநர் ஆசனத்தின் கீழே ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். எந்த இலக்க ஜெட், எந்தத் திகதியில் எந்தச் சீல், எந்த வளைவில் எந்தக் கியர் என்பனவெல்லாம் அதிலே எழுதப்பட்டுள்ளன. பள்ளிக்கூடம் போகும் எமது தங்கைமகள்தான் இப்போது அதை எழுதுகிறாள். சென்ற மாதம் சைலன்சரைத் தானே கழற்றிக் கரி நீக்கிவிட்டு, முழங்கை வரை கறுத்த கையோடே திகதியைக் குறித்துவைத்தாள்.