காயவிடத் துணியும் வயல்

மொன்றியலுக்குத் தெற்கே, ஆற்றைக் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன செரிங்டன், நாப்பியர்வில் பக்கத்துத் தோட்டங்கள். கன்னங்கரிய மண். கியூபெக்கின் கரட், வெங்காயம், சலாது, செலறி பெருமளவு அங்கேதான் விளைகின்றன. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து விடியமுன் வான் வண்டியில் ஏறி அங்கே வேலைக்குப் போன தமிழர் பலர். நானும் பல கோடைகளை அந்த மண்ணில் முழந்தாளிட்டுக் கழித்தவன். கிளிநொச்சியில் வயல் செய்துவிட்டு வந்தவனுக்கு அந்த மண் முதலில் நம்பமுடியாததாக இருந்தது. கைநிறைய அள்ளினாலும் பாரம் தெரியாது.

அது கல் அரைந்து உண்டான மண் அல்ல. பனிப்பாறைகள் விலகிய பின், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பு நீருக்குள் பாதி மக்கியும் மக்காமலும் படிந்து கிடந்த செடிகொடி. நீருக்குள் கிடந்தவரை காற்றுப் படவில்லை. காற்றுப் படாததால் அழுகி முடியவில்லை. காண் வெட்டி நீரை வடித்து அதைத் தோட்டமாக்கியதும் காற்று உள்ளே போயிற்று. அன்று தொடக்கம் அந்த மண் புகையில்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் தாழ்கிறது என்று அளந்திருக்கிறார்கள். ஒரு பங்கை வசந்தகாலக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. பெரும்பங்கு காபனீரொட்சைட்டாக மேலே போகிறது. சதுப்பு மண் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. ஒரு கோடையில் இழப்பதைத் திரும்பச் சேர்க்க ஒரு தலைமுறை வேண்டும்.

இப்படி நீர் வடித்துப் பயிர் செய்யும் நிலத்துக்கு, ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவான ஐபிசிசி தரும் கணக்கு, ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 7.9 தொன் காபன். காபனீரொட்சைட்டாகப் பார்த்தால் 29 தொன் அளவில் வரும். சாதாரணமாக ஓடும் ஒரு கார் ஓராண்டில் விடுவது 4, 5 தொன்தான். ஒரு ஹெக்டேயர் கரட் தோட்டம், உழவு இயந்திரம் ஒருதரம்கூட ஓடாவிட்டாலும், ஆறு கார்களுக்குச் சமம்.

பார்க் எக்ஸ் ஓரத்தில் 2019இல் திறந்த பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள் என் தங்கையின் மகள். “மாமா, கமத்தால நிகரப் பூச்சியத்துக்கு வர ஏலுமோ?” என்று கேட்டாள். கனடா 2021இல் சட்டமே இயற்றிவிட்டது: 2050க்குள் நாடு முழுவதும் நிகரப் பூச்சியம், அதாவது வெளியேற்றும் வாயுவும் திரும்ப உறிஞ்சுவதும் சமம். நாட்டின் வெளியேற்றத்தில் பத்தில் ஒரு பங்கு விவசாயத்தினுடையது. “ஏலாது பிள்ளை” என்றேன். “ஆனா பாதியாக்க ஏலும். அந்தப் பாதியைச் செய்ய விடுறதுக்குத்தான் ஆக்கள் இல்லை.”

ஏன் ஏலாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையின் புகைபோக்கியை மூடலாம், காரை மின்சாரத்துக்கு மாற்றலாம். மாடு அசைபோடுவதை மாற்ற முடியாது. அதன் வயிற்றில் மெதேன் உண்டாகத்தான் செய்யும். மண்ணில் போடும் நைதரசனில், அது யூரியாவானாலும் மாட்டெருவானாலும், ஒரு சிறுபகுதி நைதரசு ஒட்சைட்டாகப் போகும். அந்த வாயு காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. வெங்காயத் தோட்டத்தில் ஒரு 50 கிலோ மூடை யூரியா போட்டால், பொதுவான கணக்குப்படி 100 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஈடான வாயு மண்ணிலிருந்து மட்டும் எழும். உயிருள்ள மண்ணின் வேலை அது. மரம் நட்டுக் கழித்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த மரம் எரியாமல், வெட்டப்படாமல் நூறாண்டு நிற்கும் என்று யார் கையெழுத்துப் போடுவது?

இனி நெல்லுக்கு வருகிறேன். நான் நன்றாக அறிந்தது அதுதான். நீர் கட்டிய வயலில் காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழி எழும். அந்தக் குமிழியில் இருப்பது மெதேன். மனிதச் செயலால் உலகில் எழும் மெதேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல்வயல்களிலிருந்து வருகிறது. இதற்கு மருந்து இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் காய்ச்சலும் பாய்ச்சலும். நீரை வற்றவிட்டு, மண் மெல்ல வெடிக்கத் தொடங்கும்போது மறுபடி பாய்ச்சுவது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் இறக்கி வைத்தால் போதும். நிலமட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே நீர் இறங்கும்வரை பயிருக்கு ஆபத்தில்லை என்று பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் காட்டியிருக்கிறது. பலமுறை இப்படிக் காயவிட்டால் மெதேன் ஏறத்தாழ 45 வீதம் குறையும் என்பது ஐபிசிசியின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு. விளைச்சல் விழுவதில்லை. நீரும் மிச்சம்.

அப்படியென்றால் கமக்காரன் ஏன் செய்வதில்லை? அறிவு போதாது என்று பயிற்சிப் பட்டறை வைப்பவர்கள், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக் கடைவாய்க்காலில், கோடைப் போகமான சிறுபோகம் ஒன்று நின்று பார்க்க வேண்டும். கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் அந்தக் குளத்தில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் கூட்டம் போட்டுத்தான் தீர்மானிப்பார்கள். முறை வைத்து நீர் வரும். நீரைத் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்திலுள்ளவனுக்கு முறை பிசகாது. கடைசி வயல்காரனுக்கு மேலே யாரோ வாய்க்காலை மறித்தால் முறை போய்விடும். கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் வயல் காய்ந்தால் கதிர் பதராகும். அதனால் நீர் வரும் நாளில் வரம்பு முட்டக் கட்டிவைப்பான். அவன் கட்டிவைப்பது நீரை மட்டுமல்ல, அடுத்த முறை வராமல் போகலாம் என்ற பயத்தையும்தான். கோரை வராமல் தடுப்பதற்கும் அந்த நீர்தான் துணை. களைபிடுங்கக் கூலி கொடுக்க அவனிடம் காசில்லை.

வாற கிழமை நீர் கட்டாயம் வரும் என்று நம்புகிறவன்தான் இன்றைக்கு வயலைக் காயவிடுவான். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்ததையும் நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மறுக்கும் சனம் அல்ல அவர்கள். தங்கள் முறைக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

நைதரசனிலும் இதே கதை. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் இலங்கையின் வடக்குக்கு யூரியாவும் வரவில்லை, மண்ணெண்ணெயும் வரவில்லை. பூவரசங்குழை வெட்டித் தாழ்த்தார்கள், எருவுக்கு மாட்டுப்பட்டி அடைத்தார்கள். குழை தாழ்ப்பது யாழ்ப்பாணத்தில் பழைய கைவேலை. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் செம்மண்ணைத் தாங்கி நின்றது அதுதான். ஆனால் குழைக்கு வேலி வேண்டும், வேலிக்கு நிலம் வேண்டும், தாழ்ப்பதற்கு ஆள் வேண்டும், மக்கக் காலம் வேண்டும். 2021 மே மாதம் கொழும்பு அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தியபோது இவை ஒன்றையும் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இலங்கை நைதரசன் பற்றி உலகத்துக்கு எடுத்துச்சொன்னது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் பெரும்போக விதைப்புக் கடந்துவிட்டது. அந்தப் போகத்தின் நெல் கடுமையாக விழுந்தது. நைதரசனைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பதே போதிய காரணம். ஆனால் சரியான எண்ணத்தைக் கமக்காரனின் தலையில் ஒரே போகத்தில் இறக்கியதால், இன்னும் பத்தாண்டுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே அங்கே கோபம் வரும். அந்த நட்டத்தை எந்த வெளியேற்றக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. கனடாவும் 2030க்குள் உரத்தால் எழும் வெளியேற்றத்தை 2020இன் அளவிலிருந்து 30 வீதம் குறைப்பது என்று இலக்கு வைத்திருக்கிறது. இங்கே கால அவகாசம் இருக்கிறது, மண் பரிசோதனை இருக்கிறது. இங்கும் விவசாயிகள் கொதித்தார்கள். எனக்கு அது புதினமாக இல்லை.

பார்க் எக்ஸில் வீட்டுப் பின்வளவிலும் நகரசபையின் சமூகத் தோட்டங்களிலும் கத்தரியும் பயிற்றையும் பாகலும் வைக்கிறோம். மே மாதக் கடைசிக்கு முன் நாற்றை வெளியே வைக்க முடியாது. ஒக்டோபரில் உறைபனி வந்துவிடும். மனதுக்கு நல்லது, கறிக்கும் ஆகும். குளிர்காலம் முழுக்க ஜோன் ரலோன் தெருக்கடைகளில் வாங்கும் முருங்கைக்காய் விமானத்தில் வந்தது என்பதை அந்தத் தோட்டம் மாற்றிவிடாது. சற்று வடக்கே, அஹுன்ற்சிக்கில், 2011இல் கூரைமேல் கண்ணாடித் தோட்டம் அமைத்த லூஃபா பண்ணை போன்றவை கியூபெக்கில் பெருக இடமுண்டு. இங்கத்தைய மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீர்மின். ஆனால் அரிசியையும் கரட்டையும் கூரையில் விளைவிக்கப் போவதில்லை.

திரும்பவும் அந்தக் கறுப்பு மண். லவால் பல்கலைக்கழகத்தில் ஜோன் கரோன் என்ற மண்ணியல் பேராசிரியர் பல ஆண்டுகளாக அந்தத் தோட்டக்காரரோடு சேர்ந்து வேலை செய்கிறார். வில்லோவும் மிஸ்காந்தஸ் புல்லும் வளர்த்து, அரைத்து மண்ணில் கலந்து, இழப்பதை ஈடுசெய்யப் பார்க்கிறார்கள். காற்றுத்தடுப்பு மரங்கள், மூடுபயிர் எல்லாம் வைக்கிறார்கள். எனக்கு அதில் குழை தாழ்ப்புத்தான் தெரிகிறது. வில்லோ வளர நிலத்தில் ஒரு பகுதியைக் காசு வராமல் விட வேண்டும். கரட் பையின் விலையைச் சுப்பர்மார்க்கெட் தீர்மானிக்கிற நாட்டில், அந்த நிலத்தின் வருமானத்தைத் தோட்டக்காரன் தனியாக விட்டுக்கொடுக்க மாட்டான்.

எதற்கு முன்னுரிமை என்று மருமகள் தன் வகுப்புக் கட்டுரைக்காக என்னிடம் கேட்டாள். முதற்காசு இரணைமடு போன்ற குளங்களின் துருசுக்கும் கடைவாய்க்காலுக்கும் போகட்டும். கடைசி வயலுக்கு முறை தவறினால் நட்டஈடு என்று எழுத்தில் கொடுக்கட்டும். அடுத்தது, செரிங்டன் பக்கத்தில் வில்லோவுக்கு விட்ட ஒவ்வொரு ஏக்கருக்கும் ஆண்டுக் குத்தகைப் பணம். மூன்றாவது, உரத்தைக் குறைக்கிற முதல் மூன்று போகத்துக்குப் பயிர்க் காப்புறுதி. மரம் நட்டுக் கழிக்கிற கணக்கு இவையெல்லாம் முடிந்த பிறகு வரட்டும் என்று எழுதச் சொன்னேன்.