சீட்டும் சட்டையும்

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தையல்காரர். அவர் கடைக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

இறுதியாண்டு புராஜெக்டாக விடுதி மெஸ் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதினோம். பதிவு எண்ணைக் கொடுத்தால், மெஸ் பாக்கி இல்லாதவருக்கு 'ட்ரூ', இருப்பவருக்கு 'ஃபால்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன் சொல்லும். முதலில் பட்டியல் புரோகிராமுக்குள்ளேயே இருந்ததால் பதில் உடனே வந்தது. ரிவ்யூவுக்கு முந்தைய நாள் ராத்திரி பட்டியலை டேட்டாபேஸுக்கு மாற்றினோம். ஃபங்ஷனையும் மாற்றினோம். அதை அழைக்கும் 'இஃப்' வரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம்.

மறுநாள் சார் முன்னால் என் எண்ணையே அடித்தேன். 'பாக்கி இல்லை' என்று வந்தது! எனக்கு இரண்டு மாத பாக்கி என்பது வகுப்புக்கே தெரியும். "உனக்கு மட்டும் தள்ளுபடியாடா?" என்றார் சார். லேப் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யார் எண்ணை அடித்தாலும் அதே பதில்தான் என்று பிறகுதான் பார்த்தோம்.

சனிக்கிழமை ஊருக்குப் போய்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைக்கு அளவு கொடுத்தவருக்கு அப்பா சீட்டு எழுதினார். பட்டன் தைக்க வந்தவருக்கும் எழுதினார்.

"அஞ்சு நிமிஷ வேலைக்கு எதுக்குப்பா சீட்டு?"

"எல்லாருக்கும் ஒரே வழக்கம்னா கணக்கு தப்பாதுடா."

பளிச்சென்று புரிந்தது! டேட்டாபேஸை நாடும் ஃபங்ஷன் பதிலைத் தரவில்லை. 'பிராமிஸ்' என்ற சீட்டைத்தான் தந்தது. எந்தச் சீட்டைக் காட்டினாலும் 'இஃப்' அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். சீட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன கதைதான்!

மருந்து எளியது. அழைக்கும் இடத்தை 'ஏசிங்க்' ஃபங்ஷனாக்கி, அழைப்புக்கு முன் 'அவெயிட்' போட வேண்டும். 2017 முதல் மொழியின் தரநிலையிலேயே இது இருக்கிறது. சீட்டு வந்தால் சரக்கு வரும்வரை காத்திருக்கும்; நேரடி விடை வந்தால் அதையே தரும். இரண்டுக்கும் ஒரே வரி போதும். ஒரு சின்ன விலை உண்டு: விடை தயாராக இருந்தாலும், கையில் உள்ள வேலை முடிந்த பிறகுதான் அடுத்த வரி ஓடும்.

இன்னொரு பள்ளத்திலும் விழுந்தோம். 'பிராமிஸ் டாட் ரிசால்வ்' என்ற உறைக்குள் அழைப்பை வைத்து, பின்னால் 'கேட்ச்' போட்டிருந்தோம். உடனடி ஃபங்ஷன் பிழையை வீசியபோது கேட்ச் பிடிக்கவில்லை. சீட்டு எழுதுமுன்பே துணி கிழிந்துவிட்டதே! அழைப்பை ஏசிங்க் ஃபங்ஷனுக்குள், 'ட்ரை'யின் கீழ், அவெயிட்டோடு வைத்ததும் இரண்டு வகைப் பிழையும் சிக்கின. இதற்கென்றே 2025 தரநிலையில் 'பிராமிஸ் டாட் ட்ரை' வந்திருக்கிறது.

இரண்டாவது ரிவ்யூவில் என் எண்ணை மறுபடி அடித்தேன். 'பாக்கி உண்டு' என்றது திரை. கடன் இருப்பதாகச் சொன்னதற்குச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!

நண்பர்களே, கையில் இருப்பது சீட்டா, சட்டையா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் எனக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான்.

- மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை