ஐயம்பேட்டை மூங்கிலும் மார்கழிப் பனியும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை, தறியொலி கேட்டுக் கண்விழிக்கும் ஊர். கோயில்களைக் காணக் காஞ்சிக்கு வருவோரில் பலர் இவ்வூரைக் கடந்துபோவதோடு சரி. சற்று இறங்கி நடந்தால், காலை வேளையில் தெருவின் நீளத்திற்கும் பாவு விரித்து, குறுக்கே மூங்கிற் கோல்களைச் செருகி, இழைகளைப் பிரித்து ஒழுங்கு செய்வதைக் காணலாம். மழை வந்தால் அவ்வேலை நின்றுவிடும். பனிக்காலமோ தடையின்றி நடைபெறும். அக்கோல்களைத் தரும் மூங்கில், சில வீடுகளின் கொல்லையிலும் புதராக வளர்ந்து நிற்கிறது.

தை மாதத்தில் அத்தகைய வீடொன்றிற்குச் சென்றிருந்தேன். கொல்லையிலிருந்த கல்மூங்கில் புதர் இலைகளை உதிர்த்து, மஞ்சளும் பழுப்புமாக நின்றது. வீட்டுப் பெரியவர் கடப்பாரையை எடுத்து வைத்திருந்தார். “மார்கழிப் பனியில் பட்டுப்போய்விட்டது, சாமி. வேரோடு பெயர்த்துவிட்டு வாழை வைக்கலாமென்று இருக்கிறோம்” என்றார். அவர் துணைவியாருக்கோ மனம் ஒப்பவில்லை. மாமனார் நட்ட புதர் அது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குப் பலமுறை கழி விற்றுக் கைகொடுத்ததும் அதுவே. உதகமண்டலத்தில் வாழ்க்கைப்பட்ட மகளும், தன் வீட்டுத் தோட்டத்தில் வைக்க இதிலிருந்து ஒரு கன்று கேட்டிருந்தாள்.

ஆகவே அவ்வீட்டில் எழுந்த வினாக்கள் இரண்டு. பனி இப்புதரைக் கொன்றுவிட்டதா? இதன் கன்று உதகைக் குளிரில் பிழைக்குமா? மூங்கில் வளர்க்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் இவை பயன்படுவன.

முதல் வினாவிற்கு விடை எளிது. காஞ்சி வட்டாரத்தில் தை மாதத்து இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். நீர் உறைவதோ சுழியில். எனவே நமது சமவெளிப் பனி எந்த நாட்டு மூங்கிலையும் கொல்ல இயலாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மண் உலர்கிறது. உள்ள நீரைக் காப்பதற்காகக் கல்மூங்கில் தன் இலைகளைத் தானே உதிர்க்கிறது. அது நோயன்று, சாவுமன்று, சிக்கனம். ஐயமிருப்பின் கணுவருகே கத்தியால் மெல்லச் சுரண்டிப் பார்க்க வேண்டும். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிருண்டு. அன்று நாங்களும் சுரண்டிப் பார்த்தோம்; ஈரப்பசுமை தெரிந்தது. கடப்பாரை மூலைக்குத் திரும்பிற்று.

மூங்கில் உண்மையாகவே மடிவது பூக்கும்போதுதான். பல்லாண்டுகளுக்கு ஒருமுறை இலையின்றிக் கணுதோறும் நெற்கதிர் போன்ற பூங்கொத்துகள் தோன்றி, மூங்கிலரிசி விளைந்தால், அப்புதர் தன் வாழ்நாளை முடித்துக்கொள்கிறது என்று அறிக. முள்மூங்கிலுக்கு இக்காலம் ஏறத்தாழ 40 ஆண்டுகள்.

இரண்டாம் வினா நம்மை மலைமேல் அழைத்துச் செல்கிறது. உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காற்றசையாத தெளிந்த இரவுகளில் அங்கு உறைபனி விழும். புல்வெளி வெள்ளை விரித்தாற்போல் தோன்றும். இலையிலும் இளங்குருத்திலும் உள்ள நீர் பனிக்கட்டியாகும்போது உயிரணுக்கள் சிதைகின்றன. கதிரவன் எழுந்ததும் அவை வெந்தாற்போல் கருகிவிடும். சமவெளியின் கல்மூங்கிலும் முள்மூங்கிலும் உறைநிலையை ஓரிரு இரவுகள் தாங்கக்கூடும். கழி கருகினும் மண்ணுக்கடியில் உள்ள கிழங்கு பிழைத்து மீண்டும் துளிர்ப்பதுண்டு. ஆயினும் ஆண்டுதோறும் கருகித் துளிர்க்கும் கன்று புதராவது அரிது.

இதனால் மூங்கில் குளிருக்கு அஞ்சுவது என்று முடிவு கட்டலாகாது. நீலகிரியின் சோலைக்காடுகளில் குட்டை மூங்கில்கள் இயல்பாகவே வளர்கின்றன. இலங்கையில், 2,100 மீட்டருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைக்கரைகளிலும் அவற்றின் உறவினம் உறைபனியைத் தாங்கி நிற்கிறது. இவ்வினங்களைத் தாவர அறிஞர்கள் 2014-இல் ‘குருணா’ என்ற தனிப் பேரினமாக வகுத்தனர். சீனத்தின் மோசோ மூங்கில் சுழிக்குக் கீழே 15 பாகைக் குளிரையும் பொறுக்கும். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோத் தீவில் ‘சாசா’ என்னும் குறுமூங்கில், பனிக்குவியலையே போர்வையாகக் கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கிறது. குளிர் நெருங்கும்போது இவை உயிரணுக்களில் சர்க்கரையைச் சேர்த்து, நீர் எளிதில் உறையாதபடி செய்துகொள்கின்றன. எந்த மூங்கில், எந்த மண்ணுக்கு என்பதே கேட்க வேண்டிய கேள்வி. குளிர்நாட்டு மூங்கிலை மிகுவிலை கொடுத்து வாங்கி ஐயம்பேட்டையில் நட்டால், சித்திரை வெயிலில் அது வாடும்.

உதகை மகளுக்கு நாங்கள் எழுதிய யோசனைகளைப் பிறருக்கும் பயன்படுமெனக் கருதி இங்குத் தருகிறேன். உயர்ந்த கழி மூங்கிலை விடுத்து, வேலிக்கு வளர்க்கும் சிற்றிலைச் சீன மூங்கிலைத் தேர்ந்துகொள்க. அது உறைநிலைக்குக் கீழும் சில பாகைகள் தாங்கும். குளிர்காற்று தேங்கும் பள்ளத்தில் நடாமல், சரிவிலோ சுவரோரத்திலோ நடுக. பருவமழையின் தொடக்கத்தில் நட்டால், குளிருக்கு முன் கிழங்கு வேரூன்றிவிடும். புரட்டாசிக்குப் பின் உரமிட்டு இளந்தளிரைத் தூண்ட வேண்டா. அடியில் ஒரு சாண் உயரத்திற்குச் சருகு பரப்புக. இலை கருகினாலும் கோடை வரை கழியை வெட்டாது பொறுத்திருக்க.

சமவெளி வீட்டாருக்கும் சில சொற்கள். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்க வேண்டா. அதுவே புதருக்கு உரமும் ஈரக்காப்பும் ஆகும். கோடையில் வாரமொருமுறையேனும் நீர் பாய்ச்சுக. மழை ஓய்ந்த பனிக்காலமே கழி வெட்டுவதற்கு ஏற்றது. அப்போது கழியில் மாவுப்பொருள் குறைந்திருப்பதால் உளு எளிதில் துளைக்காது. மூன்றாண்டு முதிர்ந்த கழிகளை மட்டும் வெட்டி, இளங்கழிகளை விட்டுவைக்க. 2017-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால், மூங்கில் அச்சட்டத்தின் ‘மரம்’ என்னும் வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. சொந்த நிலத்தில் வளர்த்து விற்போருக்கு இது பெரியதோர் உதவி.

இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுதல் எளிது. மண்ணுக்குள் இருப்பதைப் பொறுமையோடு ஆராய்தல் அரிது. மூங்கிலின் வலிமையோ அம்மண்ணுக்குள்தான் இருக்கிறது. காய்ந்ததெனத் தோன்றும் ஒன்றைப் பெயர்த்தெறியுமுன், ஒரு மழைக்காலம் வரை அதற்குத் தவணை கொடுப்போம். இது கொல்லை மூங்கிலுக்கு மட்டுமே உரிய நீதியன்று என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர்.